சி.டி., எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. அறைகளில் பேஷண்ட் ஷிஃப்டிங்: முதலில் எந்தக் கருவியை வாங்குவது?

#1 | துறைப்பொறுப்பு

ஒரு சி.டி., இரண்டு எக்ஸ்ரே அறை (ஒன்றில் ஃப்ளூரோஸ்கோபி, அதாவது நகரும் எக்ஸ்ரே படம் பார்க்கும் மேசை), ஒரு 1.5 டெஸ்லா (காந்த வலிமை அளவு) எம்.ஆர்.ஐ. உள்ள பிரிவுக்குக் கொள்முதல் பட்டியல் போட வேண்டும். இப்போது இருப்பது இரண்டு ஸ்லைடு போர்டு (ஆளை வழுக்கி மாற்றும் பலகை). மீதி எல்லாம் பெட்ஷீட்டும் கைபலமும்தான்.

சக்கரம் வைத்த ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி) ஒன்று வாங்கி நாலு அறைக்கும் பொதுவாக வைக்கலாம் என்கிறது நிர்வாகம். காற்று மெத்தை இருந்தால் வேறெதுவும் வேண்டாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். கூரைத் தண்டவாளத்தில் ஓடும் ஹாய்ஸ்ட்தான் சரி என்கிறார் இன்னொருவர். மூன்றையும் வாங்கப் பணம் இல்லை. எதில் தொடங்குவது, எந்த அறையில் எது வேலை செய்யாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

#2 | சிடி_மேசை

கேட்லாக்கை மூடிவைத்துவிட்டு ஒரு அளவு நாடாவோடு நாலு அறைக்கும் போங்கள். மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

சக்கர ஹாய்ஸ்டின் கால்கள் தரையோடு ஒட்டி நீண்டிருக்கும். சாதாரண மாடலில் அந்தக் காலின் உயரம் 11, 12 செ.மீ. வரும். நோயாளியை மேசையின் நடுவில் இறக்க வேண்டுமென்றால் அந்தக் கால்கள் மேசைக்கு அடியில் போயாக வேண்டும். சி.டி. மேசையின் அடிப்பாகம் தரை வரை மூடிய பெட்டி. பெரும்பாலான எக்ஸ்ரே மேசையும் அப்படித்தான். கால் உள்ளே போகாது. ஹாய்ஸ்ட் மேசையின் ஓரத்தில் முட்டி நின்றுவிடும், நோயாளி விளிம்பில் தொங்குவார். அங்கிருந்து ஸ்லிங்கை, அதாவது ஆளைத் தாங்கும் துணித் தொட்டிலை, பிடித்து உள்ளே இழுப்பார்கள். ஹாய்ஸ்ட் குடை சாய்வது அப்போதுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் வாரியத்தின் மருத்துவக் கருவித் தர விதிகளில் மேசைக்கு அடியில் ஹாய்ஸ்ட் நுழைய இடம் வேண்டும் என்பது தனி அம்சமாகவே இருக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து மாறுவதற்கு மேசை எவ்வளவு தாழ வேண்டும் என்பதையும் 2024இல் 17 அங்குலம், அதாவது சுமார் 43 செ.மீ. என்று முடிவு செய்தார்கள். புது மேசை வாங்கும்போது இந்த இரண்டு எண்ணையும் டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். மேசை வந்து இறங்கிய பிறகு எழுதி என்ன பயன்?

அடியில் இடம் இல்லாத மேசை என்றால் சக்கர ஹாய்ஸ்டின் இடம் அறைக்கு வெளியே, காத்திருக்கும் பகுதியில். சக்கர நாற்காலியிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு ஹாய்ஸ்டில் மாற்றி, ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு வழுக்கி மாற்ற வேண்டும். ஆக, முதல் செலவு வழுக்கும் கருவிக்கு.

---

#3 | நாலுபேர்_போதும்

எல்லாம் சரி சார். ஆனா நடைமுறைல நாலு பேர் பெட்ஷீட்டோட நாலு மூலையப் பிடிச்சா அரை நிமிஷத்துல வேலை முடியுது. ஹாய்ஸ்ட்டத் தேடி, ஸ்லிங் மாட்டி, தூக்கி இறக்குறதுக்குள்ள அடுத்த ரெண்டு பேஷண்ட் வாசல்ல நிப்பாங்க. எமர்ஜென்சி சி.டி.ல இதெல்லாம் நடக்கிற காரியமா?

---

#4 | இயன்முறை

நாலு பேர் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் தந்த வரம்பு, நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவருக்கு 35 பவுண்டு. சுமார் 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைப்பவராக, திடீரென்று அசையாதவராக, சுமை உடம்புக்கு அருகில் இருந்தால்தான். பெட்டி தூக்குவதற்கு அதே நிறுவனத்தின் சூத்திரம் தரும் உச்ச வரம்பு 23 கிலோ. மனிதர் பெட்டி இல்லை, பிடிக்கக் கைப்பிடி கிடையாது, நடுவில் துள்ளுவார் என்பதால்தான் 16.

80 கிலோ நோயாளி, நாலு பேர். சமமாகப் பிரிந்தாலே ஆளுக்கு 20 கிலோ. ஆனால் சமமாகப் பிரியாது. உடல் எடையில் நடுவுடம்பு மட்டும் சுமார் 50 சதவீதம், தலையும் கழுத்தும் 8, ஒரு கை 5, ஒரு கால் 16. இடுப்புப் பக்கமும் தோள் பக்கமும் நிற்பவர் மேல்தான் எல்லாம் விழும். கால்மாட்டில் நிற்பவர் சும்மா பிடித்திருப்பார்.

அடுத்தது தூரம். அதே சூத்திரத்தில் சுமை உடம்பிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கும்வரை முழு அளவு. 50 செ.மீ. ஆனால் வரம்பு பாதியாகிவிடும். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரை எட்டி இழுப்பவருக்குத் தூரம் 50 செ.மீ.க்கும் மேல்தான் இருக்கும்.

ஆளைக் கூட்டினால் சரியாகிவிடுமா? ஆறு பேர் நிற்க சி.டி. மேசையைச் சுற்றி இடமே கிடையாது. ஒரு பக்கம் கேன்ட்ரி (சி.டி.யின் வளையப் பகுதி), இன்னொரு பக்கம் இன்ஜெக்டர் (மருந்து செலுத்தும் கருவி).

எக்ஸ்ரேகாரர்கள் கவனிக்காமல் விடும் சுமை ஒன்று இருக்கிறது. 110 கிலோ நோயாளிக்கு முழங்கால் பக்கவாட்டுப் படம் எடுக்க ஒரே ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கிறோமே, அந்தக் கால் மட்டும் 17 கிலோவைத் தாண்டும். மாவுக்கட்டு இருந்தால் இன்னும் மேலே. ஒரு கையால் காலைத் தூக்கி, மறு கையால் படம் பதிக்கும் தட்டான டிடெக்டரைச் செருகுவதை யாரும் "தூக்குவது" என்றே கணக்கில் வைப்பதில்லை. கைகால் தாங்கும் பட்டை என்று தனி ஸ்லிங் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒருவர் தாங்க, ஒருவர் செருக வேண்டும். அடியில் நுரைக் கட்டை கொடுத்துவிட்டால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதும் இல்லை.

---

#5 | நாலுபேர்_போதும்

கணக்கு சரி மேடம். ஆனா நாங்க தூக்குறதில்லையே, இழுக்குறோம். முழு எடையும் கைக்கு வராதுல்ல?

---

#6 | இயன்முறை

வராது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கேள்வி உராய்வுக்குப் போகிறது. பருத்தி பெட்ஷீட் ரெக்சின் மெத்தை மேல் நகரவே நகராது. நகராதபோது கை தானாக மேலே தூக்க ஆரம்பிக்கும். "இழுப்பது" பாதி வழியில் "தூக்குவது" ஆகிவிடும், நடுவில் இருக்கும் இடைவெளியைத் தாண்டும்போது முழுக்கவே தூக்கல்தான். பெட்ஷீட் கிழியும் அபாயம் தனி.

நோயாளி பக்கமும் பாருங்கள். மேல்தோல் துணியோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகர்கிறது. வால் எலும்புப் பகுதியில் படுக்கைப்புண் வருவதற்கு இந்த உரசல் இழுவை ஒரு காரணம்.

இரட்டை ஸ்லைடு ஷீட் (வழுக்கும் துணி) போட்டால் துணி துணிமேல் வழுக்கும், தோல் நகராது. அதே அரை நிமிடம்தான் ஆகும். ஷீட் கையெட்டும் தூரத்தில் தொங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பூட்டிய அலமாரியில் இருந்தால் நீங்கள் சொல்வது சரி, நாலு பேரும் பெட்ஷீட்டைத்தான் பிடிப்பார்கள்.

---

#7 | எக்ஸ்ரே_நைட்_டியூட்டி

போர்டு, ஷீட் வைத்து மாற்றும்போது எதில் சொதப்பும் என்று எழுதுகிறேன். வரிசை முக்கியம்.

முதலில் உயரம். ஏறப்போகும் தளம் ஒன்றிரண்டு செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். ரொம்பத் தாழ்த்தினால் நோயாளி உருண்டு விழுவார். எதிர்த்திசையில் திரும்பி வரும்போது உயரத்தை மாற்றி வைக்கப் பலர் மறந்துவிடுவார்கள், மேட்டில் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது பிரேக். ஸ்ட்ரெச்சரின் பிரேக் எல்லாரும் போடுவார்கள். எக்ஸ்ரே மேசையின் மேல்தட்டு நாலு பக்கமும் மிதக்கும் வகை என்றால் அதற்கும் பூட்டு உண்டு. அந்தப் பூட்டைத் திறப்பது காலடியில் இருக்கும் பெடல். மேசைப் பக்கம் நின்று இழுப்பவரின் கால் சரியாக அந்தப் பெடல் மேல்தான் போகும். மிதித்த நொடியில் மேல்தட்டு விலகும், இடைவெளி திறக்கும், நோயாளியின் இடுப்பு அதற்குள் இறங்கும். சில மேசைகளில் பெடலை முடக்க சுவிட்ச் உண்டு. இல்லாத இடத்தில் மாற்றி முடியும்வரை மேசையின் மின் இயக்கத்தை நிறுத்திவையுங்கள். நிறுத்தினால் உங்கள் மாடலில் தட்டு பூட்டிக்கொள்கிறதா, தளர்கிறதா என்பதைக் காலி மேசையில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குழாய்கள். சிறுநீர்ப் பை ஸ்ட்ரெச்சரின் கம்பியிலேயே மாட்டியிருக்கும், நோயாளி மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடுவார். கேதட்டர் (சிறுநீர்க் குழாய்) உள்ளே இருக்கும் பலூனோடு இழுபட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டிரிப், ஆக்சிஜன் குழாய், நெஞ்சுக் குழாய் எல்லாவற்றையும் நோயாளி போகும் பக்கத்துக்கு முதலில் மாற்றி, எட்டுகிறதா என்று கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். சுவாசக் குழாய் போட்டவர் என்றால் தலைமாட்டில் நிற்பவர் சொல்வதுதான் கட்டளை, வேறு யாரும் "ஒண்ணு, ரெண்டு" எண்ணக்கூடாது.

நான்காவது போர்டு. நோயாளியைப் பக்கவாட்டில் சாய்த்து, போர்டின் மூன்றில் ஒரு பங்கு உடம்புக்கு அடியில், மீதி இடைவெளியைத் தாண்டி மேசை மேல். ஷீட் மட்டும் போட்டால் இடைவெளியில் தொய்யும், பாலமாக நிற்பது போர்டுதான். சி.டி. மேசை நடுவில் குழிந்து குறுகலாக இருப்பதால் போர்டு அதன் மேல் ஆடும். முழங்கை போர்டுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் மாட்டும். கைகளை மார்பின் மேல் கட்டச் சொல்லிவிட்டு நகர்த்துங்கள்.

இழுப்பவர்கள் இரண்டு தவணையாக இழுக்கலாம்: முதலில் விளிம்பு வரை, பிறகு நடுவுக்கு. ஒரே இழுப்பில் முடிப்பது வீரம் இல்லை. மேசை மேல் முழங்காலிட்டு ஏறி நின்று இழுப்பதும் கூடாது. கை எட்டவில்லை என்றால் நீளப் பட்டை வைத்த ஷீட் வாங்குங்கள்.

---

#8 | காந்த_அறை

எம்.ஆர்.ஐ. பற்றி யாரும் பேசவில்லை. நிர்வாகத்தின் "நாலு அறைக்கும் பொதுவான ஒரே ஹாய்ஸ்ட்" யோசனை இந்த அறையில்தான் ஆளைக் கொல்லும். மிகையாகச் சொல்லவில்லை. 2001இல் அமெரிக்காவில் ஆக்சிஜன் சிலிண்டர் காந்தத்துக்குள் பறந்து ஒரு சிறுவன் இறந்தான். 2018இல் மும்பையில் சிலிண்டரோடு உள்ளே போனவர் இறந்தார். ஹாய்ஸ்ட் அந்த சிலிண்டரைவிடப் பல மடங்கு கனம்.

காந்தத்துக்கு இயக்க நேரம், ஓய்வு நேரம் என்று எதுவும் இல்லை. ஸ்கேன் ஓடாவிட்டாலும் புலம் அங்கேயே இருக்கும்.

சரியான முறை இதுதான்: மேசையைக் கழற்றி வெளியே தள்ளிவரக்கூடிய மாடல் என்றால், மாற்றுவது முழுக்க வெளியே, மூன்றாம் மண்டலத்திலோ (காந்த அறைக்கு வெளியே உள்ள கட்டுப்பாட்டுப் பகுதி) அதற்கு முன்போ நடக்க வேண்டும். ஹாய்ஸ்ட், காற்று மெத்தையின் ஊதி (காற்றடிக்கும் கருவி), சாதாரண ஸ்ட்ரெச்சர் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். நோயாளி மேசையோடு மட்டும் காந்த அறைக்குள் போவார். அந்தத் தனி மேசைக்கு ஆகும் செலவு நியாயமானது. அவசர நிலையிலும் அதுதான் காப்பாற்றும்: இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே மேசையோடு வெளியே கொண்டுவந்து மற்றதைச் செய்ய வேண்டும். குவென்ச் பண்ணிவிட்டு (காந்தப் புலத்தை அவசரமாக அணைத்துவிட்டு) உள்ளேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். புலம் இறங்க ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும், அந்த நிமிடம் நோயாளியிடம் இல்லை.

மேசை கழலாத பழைய மாடல் என்றால் எம்.ஆர். சான்று (காந்த அறையில் பயன்படுத்தலாம் என்ற சான்று) பெற்ற ஸ்ட்ரெச்சரும் போர்டும் வேண்டும். லேபிளைப் படியுங்கள். பச்சைச் சதுரம் என்றால் பாதுகாப்பு. மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனையோடு மட்டும், எந்த டெஸ்லா வரை என்பது கூடவே எழுதியிருக்கும். சிவப்பு வட்டம் என்றால் உள்ளே வரக்கூடாது. 1.5க்குச் சான்று பெற்றதை 3 டெஸ்லா அறைக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

ஸ்ட்ரெச்சரின் போர்வைக்கு அடியிலும் கால்களுக்கு நடுவிலும் சிலிண்டர் வைத்து அனுப்பும் பழக்கம் உண்டு. போர்வையை விலக்கிப் பார்த்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும்.

---

#9 | இரண்டாமாண்டு_மாணவி

ஒரு சந்தேகம் மேடம். அலுமினிய சக்கர நாற்காலியில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அதை உள்ளே கொண்டுபோகலாமா? சின்னக் கைக்காந்தத்தால் சோதித்தால் போதுமா?

---

#10 | காந்த_அறை

போகக்கூடாதும்மா. சட்டம் அலுமினியமாக இருக்கும். அச்சு, பேரிங், பிரேக் ஸ்பிரிங், திருகு எல்லாம் எஃகு. கைக்காந்தம் ஒட்டினால் "வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் "சரி" என்று சொல்ல முடியாது, ஏனென்றால் உள்ளே மறைந்திருக்கும் பேரிங்கை அது தொடுவதில்லை. லேபிள் இல்லாதது எதுவும் உள்ளே வராது, அவ்வளவுதான் விதி.

ஸ்லைடு ஷீட்டிலும் ஒரு விஷயம். கிருமி எதிர்ப்புக்கு வெள்ளி இழை கலந்த துணிகள் உண்டு. ரேடியோ அலையில் சூடாகித் தோலைச் சுடும். உலோக பட்டன், கொக்கி வைத்த ஸ்லிங்கும் அப்படித்தான். மேசையில் படுக்க வைத்ததும் சான்று இல்லாத எல்லாவற்றையும் அடியிலிருந்து உருவிவிட வேண்டும்.

---

#11 | பயோமெட்_பணிமனை

ஹாய்ஸ்ட் வாங்கிய பிறகு வரும் தொல்லைகள்.

"ஹாய்ஸ்ட் வேலை செய்யவில்லை" என்று வரும் அழைப்பில் முதலில் பார்க்க வேண்டியது சிவப்பு அவசர நிறுத்த பட்டன். யாரோ அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். திருகி விடுவித்தால் ஓடும். சில மாடல்களில் அந்த பட்டன் அழுந்தியிருந்தால் சார்ஜும் ஏறாது, இரவெல்லாம் பிளக்கில் இருந்தும் காலையில் பேட்டரி காலி.

மின்சாரமோ பேட்டரியோ போய் நோயாளி அந்தரத்தில் நின்றால் கையால் இறக்கும் அமைப்பு ஒவ்வொரு ஹாய்ஸ்டிலும் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று பணியாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் பயிற்சி போதவில்லை.

சக்கர ஹாய்ஸ்டில் தூக்கும்போது கால்கள் அகலமாக விரிந்திருக்க வேண்டும். சக்கர பிரேக்? பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தூக்கும்போது பிரேக் போட வேண்டாம் என்பார்கள். எடை ஏறும்போது ஹாய்ஸ்ட் தானாகக் கொஞ்சம் நகர்ந்து ஈர்ப்பு மையத்துக்கு அடியில் வந்து நிற்கும். பிரேக் போட்டால் நகர முடியாமல் சாயும். நோயாளி இருக்கும் சக்கர நாற்காலிக்கும் கட்டிலுக்கும் மட்டும் பிரேக். உங்கள் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடுதான் சரி.

ஸ்லிங்தான் பலவீனமான கண்ணி. அளவு பெரிதானால் இடுப்பு நடுவில் வழுகி இறங்கும். சிறிதானால் தொடை இடுக்கில் வெட்டும். இரண்டு தோளுக்கும் ஒரே நிற வளையம், இரண்டு காலுக்கும் ஒரே நிற வளையம். ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் பச்சை என்று மாட்டினால் ஆள் சாய்ந்துதான் எழுவார். ஒரு நிறுவனத்தின் கிளிப் ஸ்லிங்கை இன்னொரு நிறுவனத்தின் கம்பியில் மாட்டுவது, பொருந்துவதுபோல் தோன்றினாலும், கூடாது. மெத்தையை விட்டுச் சில செ.மீ. எழுந்ததும் ஒரு நொடி நிறுத்தி, எல்லாக் கொக்கியையும் கண்ணால் பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.

பரிசோதனை: பிரிட்டனில் தூக்கும் கருவிகளுக்கான 1998ஆம் ஆண்டின் லோலர் விதிகள்படி ஆளைத் தூக்கும் கருவியையும் ஸ்லிங்கையும் 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் சோதிக்க வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் இந்த இடைவெளியை வைத்துக்கொள்வது நல்லது. அன்றாடம் பார்க்க வேண்டியது தையல், வளையத்தின் நூல் பிசிறு, லேபிள். லேபிளில் எடை வரம்பு படிக்க முடியவில்லை என்றால் அந்த ஸ்லிங்கைக் கத்தரித்துப் போடுங்கள். சும்மா ஓரமாக வைத்தால் திரும்பி வந்துவிடும். பிளீச்சும் அதிகச் சூட்டு உலர்த்தியும் நூலைக் கெடுக்கும், வெளியே தெரியாது.

---

#12 | துறைப்பொறுப்பு

மிக்க நன்றி. ஒரு பக்கத் தெளிவு வந்துவிட்டது. ஆனால் கூரைத் தண்டவாளத்தை யாரும் தொடவில்லை. எக்ஸ்ரே அறையில் டியூப் (கதிரை வெளியிடும் பகுதி) ஏற்கெனவே கூரையில் தண்டவாளத்தில் ஓடுகிறது. அதோடு ஹாய்ஸ்ட் தண்டவாளமும் போட முடியுமா?

---

#13 | சிடி_மேசை

முடியும், ஆனால் பின்யோசனையாகப் போட முடியாது. டியூபின் தண்டவாளம் நீளவாக்கில் ஓடும், டியூபைத் தாங்கும் பாலம் அதற்குக் குறுக்கே இருக்கும். ஹாய்ஸ்ட் தண்டவாளம் அந்தப் பரப்பை வெட்டினால் டியூப் பாதி அறைக்குத்தான் போகும். மார்பு ஸ்டாண்டுக்கும் மேசைக்கும் நடுவே டியூப் போகும் முழுப் பாதையையும் வரைபடத்தில் குறித்த பிறகுதான் ஹாய்ஸ்டின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். மேசையின் கால்மாட்டுக்கு மேலே குறுக்காக ஒரு ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மேல்தட்டை அதற்கு அடியில் நகர்த்திக்கொள்வது ஒரு வழி. தரையில் நிற்கும் தூணில் டியூப் இருக்கும் அறை என்றால் பிரச்சினையே இல்லை.

சி.டி. அறையில் கூரை பெரும்பாலும் காலி. இன்ஜெக்டர் தொங்கும் கை, ஈயக் கண்ணாடி இருந்தால் அவை மட்டும் தடை. அடியில் கால் நுழையாத மேசைக்குக் கூரை ஹாய்ஸ்ட்தான் பொருத்தம். ஆனால் மேலே இருக்கும் கான்கிரீட் தளம் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். விற்பனையாளர் வாய்மொழி போதாது.

ஃப்ளூரோஸ்கோபி மேசைக்கு ஒரு எச்சரிக்கை. மேசை நிமிரும்போது நோயாளியின் முழு எடையும் பாதத்தட்டுக்குப் போகும். பாதத்தட்டின் எடை வரம்பு மேசையின் வரம்பைவிடக் குறைவாக இருக்கலாம். தனியே பாருங்கள்.

---

#14 | வார்டு_சிஸ்டர்

இந்த இழையில் எல்லாரும் நோயாளி அறைக்குள் வந்த பிறகு என்ன செய்வது என்றே எழுதுகிறீர்கள். பாதிச் சிக்கல் ஸ்கேன் கோரிக்கைப் படிவத்தில் இருக்கிறது. அதில் கிரியேட்டினின் கேட்கிறீர்கள், அலர்ஜி கேட்கிறீர்கள். எடை என்ன, எழுந்து நிற்பாரா என்று கேட்பதில்லை.

நகரும் திறனுக்கு "பி-மேட்" என்ற நாலு படிச் சோதனை எளிது. உட்கார்ந்து கை நீட்டிக் குலுக்குகிறாரா, உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பாதத்தை அசைக்கிறாரா, எழுந்து நிற்கிறாரா, நின்ற இடத்தில் அடியெடுத்து வைத்து நடக்கிறாரா. எந்தப் படியில் நிற்கிறாரோ அதைப் படிவத்தில் எழுதலாம். முதல் படியே தாண்டாதவருக்கு வார்டிலேயே ஸ்லைடு ஷீட்டோ காற்று மெத்தையோ அடியில் போட்டு அனுப்பலாம். கட்டிலில் உருட்டிப் போடும் வேலை எங்களுக்கு எப்படியும் இருக்கிறது. உங்கள் வாசலில் இன்னொரு முறை உருட்ட வேண்டாமே.

வலி மருந்தும் அப்படித்தான். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு கூப்பிடுங்கள். வலியில் ஆள் விறைத்துக்கொண்டால் எந்த ஷீட்டும் வழுக்காது.

---

#15 | எக்ஸ்ரே_நைட்_டியூட்டி

சிஸ்டர் சொன்னது ஆயிரத்தில் ஒரு வார்த்தை. எடை தெரியாமல் அனுப்பினால் கண்ணளவில் போடுவோம், கண்ணளவு கனமானவர்களிடம்தான் அதிகம் தப்பும். ஹாய்ஸ்டிலேயே தராசு பொருத்தியது வாங்கினால் இரண்டு வேலையும் முடியும்.

இன்னொன்று: மாற்றாமலே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒளி ஊடுருவும் மேல்தட்டும் அடியில் டிடெக்டர் தட்டும் உள்ள ஸ்ட்ரெச்சரில் இடுப்பு, முதுகு, கிடைமட்டக் கதிரில் இடுப்பு மூட்டுப் பக்கவாட்டு என்று நிறைய முடியும். டிடெக்டர் உடம்பிலிருந்து தள்ளி இருப்பதால் படம் கொஞ்சம் பெரிதாகும், கிரிட் (சிதறும் கதிரைத் தடுக்கும் தட்டு) நேராக இல்லாவிட்டால் ஒரு பக்கம் வெளுக்கும். இரண்டும் சமாளிக்கக்கூடியவை.

---

#16 | சிடி_மேசை

காற்று மெத்தை பற்றி இப்போது சொல்லலாம், ஏனென்றால் துறைப்பொறுப்பு சார் அதைத்தான் வாங்குவார் என்று தோன்றுகிறது. :)

அடிப்பக்கத்தில் நுண்துளைகள். ஊதி காற்றைத் தள்ள, அது துளை வழியே கசிந்து மெத்தைக்கு அடியில் மெல்லிய காற்றுப் படலம் உண்டாக்கும். கேரம் போர்டில் பவுடர் தூவியதுபோல் நகரும். அதுவே அதன் அபாயமும். இரண்டு தளமும் ஒட்டி நிற்காமல், பிரேக் போடாமல் ஊதினால் நோயாளி தானாகவே நழுவுவார். பட்டை கட்டாமல் ஊதக்கூடாது. இரண்டு பக்கமும் ஆள் நிற்காமல் ஊதக்கூடாது. சாய்ந்த தளத்தில் ஊதவே கூடாது.

மாற்றியதும் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஸ்கேன். பாதிக் காற்றோடு விட்டால் நோயாளி மையத்துக்கு மேலே நிற்பார். ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படத்தில் உடம்பின் அளவு மாறித் தெரியும், தானியங்கி டோஸ் கணக்கு அதை நம்பித் தப்பாகப் போகும். காற்றிறக்கிய மெத்தையை அடியில் விட்டே எடுக்கலாம், பெரும்பாலானவை கதிர் ஊடுருவும். குழாய் பொருத்தும் வாய், கொக்கி, மடிப்பு ஆகியவை படம் எடுக்கும் பகுதிக்கு வெளியே இருக்கட்டும்.

எடை வரம்பில் ஏமாறாதீர்கள். மெத்தை 400 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று விளம்பரம் இருக்கும். வழக்கமான சி.டி. மேசையின் வரம்பு 200 முதல் 227 கிலோ. சங்கிலியில் எது குறைவோ அதுதான் வரம்பு: ஸ்ட்ரெச்சர், போர்டு, மேசை, ஸ்லிங். வரம்பைத் தாண்டினால் மேசை ஒடியும் முன்பே மோட்டார் வழுக்கும், தட்டு தொய்யும், ஸ்லைஸ் இடம் தவறும். எடை சரியாக இருந்தாலும் ஆள் நுழைய வேண்டும். கேன்ட்ரி வாய் 70 செ.மீ. என்றால் அது விட்டம். மேசை எடுத்துக்கொள்வது போக மேலும் கீழுமாகக் கிடைப்பது 15 முதல் 18 செ.மீ. குறைவு. நோயாளியை மாற்றுவதற்கு முன்பே அவர் வயிற்று உயரத்தை அளந்துவிடுங்கள். ஏற்றி, நுழையவில்லை என்று திரும்ப இறக்குவது இரட்டை ஆபத்து.

---

#17 | நாலுபேர்_போதும்

முதுகுத்தண்டு அடிபட்ட பேஷண்ட்டுக்கும் இதே காற்று மெத்தையா?

---

#18 | இயன்முறை

தண்டுவடம் உறுதியாகும்வரை முறுக்கம் வரக்கூடாது என்பதுதான் அடிப்படை. ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை இரண்டு பாதியாகப் பக்கவாட்டில் நுழைத்துப் பூட்டினால் உருட்ட வேண்டிய கோணம் மிகவும் குறையும். தலைமாட்டில் ஒருவர் தலையையும் கழுத்தையும் மட்டும் பிடித்துக் கட்டளை கொடுப்பார், அவர் எதையும் இழுக்க மாட்டார். காற்று மெத்தை ஏற்கெனவே அடியில் இருந்தால் தட்டையாக நகரும், அது நல்லதுதான். தலை மெத்தைக்கு வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்டிப் பலகையில் படுக்க வைத்தபடியே காத்திருக்க விடாதீர்கள், தோல் கெடும்.

---

#19 | போர்ட்டபிள்_மார்புப்படம்

வார்டில் கட்டிலோடு எடுக்கும் மார்புப் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் அதிக முறை நடக்கும் தூக்கல் அதுதான். 35க்கு 43 செ.மீ. டிடெக்டரை முதுகுக்குப் பின்னால் நுழைக்க, ஒருவர் தனியாக நோயாளியின் அக்குளைப் பிடித்து முன்னால் இழுப்பதை நிறுத்த வேண்டும். பக்கவாதத்தில் தளர்ந்த தோள் அந்த இழுப்பிலேயே கழன்றுவிடும்.

கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், பக்கக் கம்பியை இறக்குங்கள். தலைமாட்டை நிமிர்த்துமுன் முழங்கால் பக்கத்தை உயர்த்தினால் ஆள் கீழே சறுக்க மாட்டார். டிடெக்டரை வழுக்கும் உறையில் போட்டு, மெத்தையை ஒரு கையால் அழுத்தியபடி மறு கையால் தோள் பக்கமிருந்து கீழ்நோக்கித் தள்ளினால் தூக்காமலே உள்ளே போகும். எடுக்கும்போது உறையை விட்டுவிட்டு டிடெக்டரை மட்டும் உருவலாம்.

---

#20 | துறைப்பொறுப்பு

முதல் தவணைக்கு எழுதியிருப்பது: ஒவ்வொரு அறை வாசலிலும் நீளப் பட்டை வைத்த ஸ்லைடு ஷீட், கொக்கியில். சி.டி.க்கு ஒரு ஊதியும் இரண்டு அளவில் காற்று மெத்தைகளும். காத்திருக்கும் பகுதிக்குத் தராசு பொருத்திய சக்கர ஹாய்ஸ்ட் ஒன்று, அதன் மேல் "காந்த அறைக்குள் வரக்கூடாது" என்ற சிவப்பு வட்டம். எம்.ஆர்.ஐ.க்குக் கழலும் மேசை அடுத்த நிதியாண்டில். கோரிக்கைப் படிவத்தில் எடை, நகரும் திறன் இரண்டு கட்டம். சி.டி. கூரைக்குப் பொறியாளர் அறிக்கை கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்லிங் ஒருமுறை பயன்பாட்டு வகையா, துவைக்கும் வகையா?

---

#21 | பயோமெட்_பணிமனை

ஹாய்ஸ்ட் ஒன்றுதான் என்றால் ஒருமுறை பயன்பாட்டு வகை. ஆனால் "ஒருமுறை" என்பது ஒரு நோயாளிக்கு, ஒரு தூக்கலுக்கு அல்ல. அவர் பெயரை எழுதி வார்டுக்கே கூட அனுப்பிவிடுங்கள், திரும்ப வரும்போது அடியிலேயே இருக்கும். நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்ற வேண்டும். துவைத்துவிட்டார்களா என்று காட்டும் லேபிள் பல நிறுவனங்களின் ஸ்லிங்கில் உண்டு. தண்ணீர் பட்டால் மேலடுக்கு கரைந்து எச்சரிக்கை தெரியும். வாங்கும்போது அது இருக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள், தவறுதலாகச் சலவைக்குப் போனது திரும்ப வந்தால் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை. அளவு மூன்றும் வேண்டும், நடு அளவு மட்டும் இரட்டிப்பாக.